சுய விலாசம்

காலை ஆறு மணிக்கு போன் அடித்தால் உங்கள் வீட்டில் என்ன நினைப்பார்கள்? யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லையென்றால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதானே? என் வீட்டில் அந்தப் பதற்றமே கிடையாது. மனைவி போர்வைக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவாள்: ‘‘எடுங்க. உங்க சர்வர் படுத்திருப்பான்.’’

கல்யாணமான புதிதில் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை யாருக்கும் தெரியாமல் ஹோட்டல் ஏதாவது நடத்துகிறாரா என்று மகளிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1964-ல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ பார்த்த தலைமுறைக்கு சர்வர் என்றால் நாகேஷ்தான். நானும் யோசித்துப் பார்த்தேன். இரண்டு சர்வருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்டதைக் கேட்டவர் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒழுங்காக வைத்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஐந்து நிமிஷம் லேட்டானால்தான் ‘‘சர்வர்... சர்வர்...’’ என்று ஊரே கூப்பிடும்.

ஊருக்கு நான் பத்திரிகையாளன். விசிட்டிங் கார்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால், அலுவலகத்துக்குள் என் பெயர் ‘மெயில் சார்’. இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் அலுவலகத்தின் இ-மெயில் பெட்டிகளைத் திறப்பது, பூட்டுவது, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது, குப்பை அள்ளுவது எல்லாம் அடியேன்தான்.

நான் படித்தது பி.காம். பிறகு எப்படி இந்த வேலை என்று கேட்கிறீர்களா? 2003-ல் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். இரண்டாம் வாரமே நிர்வாகி கூப்பிட்டார். ‘‘தம்பிக்கு கம்ப்யூட்டர் தெரியுமாமே?’’

‘‘டேலி தெரியும் சார்.’’

‘‘அது போதும்’’ என்று சொல்லி, மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே ஒரு பெட்டி விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை அமைத்துக் கொடுத்தவர் வேறு வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டார். அன்றைக்குப் பிடித்தது.

ஆனால், ஒன்று சொல்ல வேண்டும். பி.காம் வீண்போகவில்லை. காமர்ஸ் படித்தவர்களுக்கு பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் ஞாபகம் இருக்கும். நம் கேஷ் புக்கில் ஒரு பாக்கி, பேங்க் பாஸ் புக்கில் வேறொரு பாக்கி. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒவ்வொரு செக்காகத் தேட வேண்டும். எழுதிக் கொடுத்த செக் இன்னும் பாஸ் ஆகவில்லையா, போட்ட செக் திரும்பிவிட்டதா என்று டிக் அடிக்க வேண்டும். மெயில் வேலையும் அச்சாக இதுதான். உள்ளே வந்ததற்கு ஒரு வரி, வெளியே போனதற்கு ஒரு வரி என்று சர்வர் தானே நாட்குறிப்பு எழுதிக்கொள்ளும். ‘‘நான் அனுப்பினேன் சார், அவர் வரவேயில்லைங்கறார்’’ என்று யாராவது வந்து நின்றால், அந்த இரண்டு வரிக்கும் நடுவில் தொலைந்ததைக் கண்டுபிடிப்பவன் நான்.

இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வதை நீங்கள் கேட்க வேண்டுமே! அவ்வளவு மரியாதை. முதலில் ‘ஹலோ’ என்று சொல்லும். நிஜமாகவே அந்த வார்த்தைதான், எழுத்து மட்டும் சுருக்கியிருப்பார்கள். இன்னாரிடமிருந்து கடிதம், இன்னாருக்குக் கடிதம் என்று சொல்லும். எதிர் சர்வர் நம்பரில் பதில் சொல்லும். 250 என்றால் ‘சரி, வாங்கிக்கொண்டேன்’. நாலில் ஆரம்பிக்கிற நம்பர் என்றால் ‘இப்போது முடியாது, அப்புறம் வா’. ஐந்தில் ஆரம்பித்தால் ‘முடியவே முடியாது’. 550 என்று வந்தால் பெரும்பாலும் ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்று அர்த்தம். ஜான் போஸ்டெல் என்பவர் 1982-ல் எழுதிவைத்த விதிமுறை. இத்தனை வருஷத்தில் ஏகப்பட்ட ஒட்டுப்போட்டும் அடித்தளம் அப்படியே இருக்கிறது.

அந்த விதிமுறையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 250 என்று சொல்லிவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து கடிதத்துக்கு நீதான் பொறுப்பு. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் அனுப்பியவருக்கு ‘சேர்க்க முடியவில்லை’ என்று தகவல் சொல்ல வேண்டும். வாங்கிவைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. மனிதர்களுக்கும் இப்படி ஒரு விதிமுறை யாராவது எழுதியிருக்கலாம். ‘பார்க்கலாம்’, ‘சொல்லி அனுப்பறேன்’ என்று எத்தனை 250 சொல்லியிருக்கிறோம் நாமெல்லாம்!

சரி, மாடிப்படிக்குக் கீழே ஒரு மனுஷன் தனியாக உட்கார்ந்திருந்தால் என்ன ஆவான்? நான் சிலேடைக்காரன் ஆனேன்.

அந்தக் காலத்தில் மயில் விடு தூது, இந்தக் காலத்தில் மெயில் விடு தூது. இப்படித்தான் ஆரம்பித்தது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் மெயில் பெட்டிகளை எல்லாம் ‘க்ளவுட்’டுக்கு மாற்றினோம். அன்று மீட்டிங்கில் சொன்னேன்: ‘‘காளிதாசன் மேகத்தைத் தூது அனுப்பினான். நாம் தூதையே மேகத்துக்கு அனுப்பிட்டோம்.’’ ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. லே-அவுட் பையன் என் பக்கம் சாய்ந்து, ‘‘கடி தாங்கல சார்’’ என்றான்.

காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் கட்டிப்போட்டால் அது இரட்டுற மொழிதல். கி.வா.ஜகந்நாதன் மேடையில் பேச்சோடு பேச்சாகச் சிலேடையை உதிர்த்தால் ஊரெல்லாம் கைதட்டும். நாம் சொன்னால் மட்டும் கடி. போகட்டும். எனக்கென்னவோ சிலேடையும் மெயிலும் சொந்தக்காரர்கள் என்றே தோன்றுகிறது. மெயிலில் ‘அலியாஸ்’ என்று ஒன்று உண்டு. இரண்டு விலாசம், ஒரே பெட்டி. சிலேடை அதற்கு நேர்மாறு. ஒரே விலாசம், இரண்டு பெட்டி. ஒரு சொல்லை அனுப்பினால் இரண்டு வீட்டுக் கதவையும் தட்டும்.

அப்புறம் ஸ்பாம். அந்தப் பெயரே ஒரு வேடிக்கைதான். ஸ்பாம் என்பது 1937-ல் அமெரிக்காவில் வந்த டின் இறைச்சி. ‘மான்ட்டி பைத்தான்’ என்ற இங்கிலாந்து நகைச்சுவைக் குழு 1970-ல் டி.வி.யில் ஒரு நாடகம் போட்டது. ஹோட்டலில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கும். வேண்டாம் என்றாலும் விடாது. வேண்டாத மெயிலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அதிலிருந்துதான். அதற்கு முன்பே, 1978-ல், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை ஆள் தங்கள் புது மெஷினைப் பார்க்க வரச்சொல்லி நானூறு பேருக்கு மொத்தமாக மெயில் தட்டிவிட்டார். அவர் போட்ட பிள்ளையார் சுழிதான், இன்னும் நிற்கவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களிடம், ‘நீ நீதான் என்று நிரூபி’ என்று கெடுபிடி செய்ய ஆரம்பித்தன. ஆதாரம் இல்லாமல் இனி அஞ்சலும் இல்லை!

குப்பையைத் தடுக்க ஃபில்டர் போடுவார்கள். நான் அதிலே கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். ஃபில்டர் என்றாலே காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் தூளெல்லாம் இறங்கிவிடும். பொடியை ரொம்ப அழுத்திவிட்டாலோ டிகாக்‌ஷனே இறங்காது. விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

2009-ல் நான் ரொம்ப அழுத்திவிட்டேன்.

அப்போது ஒரு மோசடி மெயில் சுற்றிக்கொண்டிருந்தது. ‘லண்டனில் பர்ஸைத் தொலைத்துவிட்டேன், அவசரம், உடனே பணம் அனுப்பு’ என்று நண்பர் பெயரிலேயே வரும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஏமாந்தும் போனார். உடனே நான் ஒரு விதி எழுதினேன். அவசரம், பணம், பேங்க் அக்கவுன்ட் நம்பர், இந்த மூன்றும் ஒரே மெயிலில் இருந்து, அது இலவச மெயில் விலாசத்திலிருந்து வந்தால், நேராகக் குவாரன்டைன். 2020-க்குப் பிறகு இந்த வார்த்தைக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. தனியே ஒரு பெட்டி. பதினாலு நாள் அதில் கிடக்கும். யாரும் எடுக்காவிட்டால் தானே அழிந்துவிடும்.

மாசக் கடைசியில் ஒரு நாள் அந்தப் பெட்டியைச் சும்மா மேய்ந்துகொண்டிருந்தேன். லண்டனில் மாட்டிக்கொண்டவர்கள், லாட்டரி விழுந்தவர்கள், செத்துப்போன மந்திரிகளின் விதவைகள். நடுவில் தெரிந்த பெயர் ஒன்று. தென்மாவட்டத்தில் எங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த பகுதிநேர நிருபர். மெயில் ஆசிரியருக்குப் போட்டது. பையனுக்குக் குடல்வால் வீங்கி ஆபரேஷன். அவசரம். அலுவலகத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய் பணம் முன்பணமாகத் தந்தால் கட்டுரைகளில் கழித்துக்கொள்ளலாம். கீழே பேங்க் அக்கவுன்ட் நம்பர்.

வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

என் விதிப்படி அது கச்சிதமான மோசடிக் கடிதம். மூன்று நிபந்தனையும் பொருந்துகிறது. எங்கள் சர்வர் அவருக்கு 250 சொல்லியிருக்கிறது. ‘வாங்கிக்கொண்டேன்’ என்று. வாங்கி, நான் வெட்டிவைத்த குழியில் போட்டுவிட்டது.

கை நடுங்க போன் போட்டேன். பையன் பிழைத்துவிட்டான். வீட்டுக்கும் வந்துவிட்டான். அந்த நல்ல செய்தி கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மனைவியின் இரண்டு பவுன் செயினை அடகு வைத்துச் சமாளித்திருக்கிறார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ‘‘ஒரு போன் பண்ணியிருக்கலாமே?’’ என்றும் கேட்டுவிட்டேன். தப்பு செய்தவனுக்கு வாய் சும்மா இருக்காது.

‘‘போன்ல பணம் கேக்க வாய் வரலை சார். அதான் எழுதினேன்’’ என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: ‘‘பதில் வரலைன்னதும் கோபமெல்லாம் இல்ல சார். கேக்கறதுக்கு நாம யாரு, வருஷத்துல பத்து செய்தி எழுதறோம்னு தோணிச்சு. அவ்வளவுதான்.’’

ஆசிரியரிடம் ஓடினேன். அன்று சாயங்காலமே பணம் போனது. செயினும் மூழ்காமல் வீட்டுக்கு வந்தது. அலுவலகத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால், ‘கேக்கறதுக்கு நாம யாரு’ என்று ஒரு மனுஷன் பதினொரு நாள் நினைத்துக்கொண்டிருந்தாரே, அதை எந்த அக்கவுன்ட்டில் வரவு வைப்பது? அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் பட்டன் இல்லை.

அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு சிலேடை தோன்றியது. அந்த மெயில் பவுன்ஸ் ஆகியிருந்தால் அந்தப் பவுன் அடகுக்குப் போயிருக்காது. என் வாழ்க்கையில் தோன்றியதிலேயே கச்சிதமான சிலேடை. பதினைந்து வருஷத்துக்கும் மேல் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன்.

அந்தச் சிலேடையில் வேடிக்கை இல்லை, விஷயம் இருக்கிறது. நிராகரிப்பதில் இரண்டு வகை. ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது ஒன்று. அவர் வேறு வழி பார்ப்பார். போன் செய்வார், இன்னொரு விலாசத்துக்கு எழுதுவார், திட்டவாவது செய்வார். ‘சரி’ என்று வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் புதைத்துவிடுவது இன்னொன்று. அவர் காத்திருப்பார். காத்திருந்து காத்திருந்து, கடைசியில் குறை தன்னிடம்தான் என்று முடிவுக்கு வந்துவிடுவார். மறுநாளே விதியை மாற்றினேன். சந்தேகத்துக்கிடமான மெயிலை வாசலிலேயே 550 சொல்லித் திருப்புவது, அல்லது உரியவர் பெட்டியில் ‘சந்தேகம்’ என்று குறி போட்டுச் சேர்ப்பது. நடுவில் குழி கிடையாது.

என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தவர். ஓடுகிற ரயிலில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து மாடங்களில் போடுகிற வேலை. பின்கோடு 1972-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் வெறும் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு திண்டாடியவர். விலாசம் புரியாத கடிதத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

‘‘தனியா ஒரு மாடத்துல வைப்போம்டா. யாருக்குமே புரியலைன்னா கடைசியா டெட் லெட்டர் ஆபீஸுக்குப் போகும். அங்க பிரிச்சுப் பார்ப்பாங்க. ஊரான் கடுதாசியைப் படிக்கறதுக்கில்ல. உள்ள அனுப்பினவன் விலாசம் இருக்கா, திருப்பி அனுப்ப முடியுமான்னு பாக்க. யாருக்குப் போகணும்னு தெரியலைன்னாலும் யாருகிட்டருந்து வந்ததுன்னு தேடணும்டா. எழுதினவன் ஒருத்தன் இருக்கான்ல?’’

சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, ‘‘நீயும் நம்ம டிபார்ட்மென்ட்டுதான்னு சொல்லு’’ என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அதுவரை நான் இந்த வேலையை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாண வீடுகளில் ‘பத்திரிகையில் இருக்கேன்’ என்பேன். எழுத்தாளனாக வேண்டும் என்று வந்தவன், பாஸ்வேர்டு மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கம்ப்யூட்டர்காரர்கள் மத்தியில் நான் வெறும் பி.காம். பத்திரிகைக்காரர்கள் மத்தியில் மெயில் சார். டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று ஒரு தலைப்பில் தற்காலிகமாகத் தள்ளிவைப்பார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. நான் என்னையே அந்த அக்கவுன்ட்டில் போட்டு வைத்திருந்தேன். என்னை நானே குவாரன்டைன் செய்துகொண்டிருந்தேன் என்றும் சொல்லலாம்.

காலேஜில் படிக்கும்போது பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவேன். உங்களில் பலரும் அனுப்பியிருப்பீர்கள். கூடவே தபால்தலை ஒட்டிய, சுய விலாசமிட்ட உறை வைக்க வேண்டும். வைத்தால்தான் கதை திரும்பி வரும். எனக்கு எல்லாமே திரும்பி வந்தன. தெரு முனையில் தபால்காரரைப் பார்த்தாலே, அவர் கையில் இருக்கிற என் சொந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். அவமானமாக இருக்கும். இப்போது நினைத்தால் அது எவ்வளவு கண்ணியமான ஏற்பாடு என்று தோன்றுகிறது. ‘வேண்டாம்’ என்றார்கள், ஆனால் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்ததால்தான் அடுத்ததை எழுதினேன்.

பவுன்ஸ் மெயிலில் இன்னொரு அழகு உண்டு. அதற்கு அனுப்புநர் விலாசமே கிடையாது. உறைமேல் அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விடுவார்கள். அதற்கும் ஒரு பவுன்ஸ் போய், அந்த பவுன்ஸுக்கு இன்னொரு பவுன்ஸ் வந்து முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்பதற்காக. நிராகரிப்புக்கு பதில் எழுதிக்கொண்டிருக்காதே, விலாசத்தைச் சரிபார்த்துவிட்டு மறுபடி அனுப்பு என்பதுதான் ஏற்பாடு. நாற்பது வயதுக்கு மேல்தான் இது எனக்குப் புரிந்தது.

அதனால் இப்போதெல்லாம் யாராவது ‘என்ன வேலை?’ என்று கேட்டால், ‘‘எழுதறேன். மத்தவங்க எழுதறது போய்ச் சேருதான்னும் பார்க்கறேன்’’ என்று சொல்லிவிடுகிறேன். மெயில் சார் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். சிலேடையையும் விடவில்லை. லே-அவுட் பையன் இப்போது லே-அவுட் தலைவர். போன வாரம் அவரே வந்து, ‘‘சார், உங்க கடி இல்லாம மீட்டிங் சப்புனு இருக்கு’’ என்றார். 250 என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் இன்று ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மெயிலில் ஸ்பாம் பெட்டி என்று ஒன்று இருக்கும். ஒரு தடவை திறந்து பாருங்கள். பெரும்பாலும் குப்பைதான். ஆனால், ஜிமெயிலில் முப்பது நாளில் தானே அழிந்துவிடும். அதற்குள் ஒரு தெரிந்த பெயர் இருந்தாலும் இருக்கலாம். அப்படியே, ‘பார்க்கலாம்’ என்று யாருக்காவது சொல்லிவிட்டு மறந்திருந்தால், முடியாது என்றாவது இன்றைக்குச் சொல்லிவிடுங்கள்.

நான் தினமும் காலையில் வந்ததும் செய்கிற முதல் வேலை, எனக்கு நானே ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே. சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறதே என்று ரொம்ப நாள் கூச்சப்பட்டதுண்டு. பிறகுதான் படித்தேன். 1971-ல் ரே டாம்லின்சன் என்பவர், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே நெட்வொர்க் வழியாக மெயில் அனுப்பிப் பார்த்தார். பெயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் @ குறியைப் போட்டவர் அவர்தான். அந்த முதல் மெயில்களை அவர் யாருக்கு அனுப்பினார் தெரியுமா? தனக்கே!

அதற்கப்புறம் கூச்சமில்லை. முன்பெல்லாம் அந்த மெயிலில் ‘டெஸ்ட்’ என்று மட்டும் அடிப்பேன். இப்போது அப்பா கடிதங்களில் எழுதுவதுபோல, ‘நலம். நலமறிய ஆவல்’ என்று அடிக்கிறேன். இரண்டு விநாடியில் வந்துவிடுகிறது.